இந்த வெள்ளை லேபிள் தட்டில் இருப்பது எந்த ரீமிக்ஸ்? தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. போன வாரம் லண்டனில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் பெட்டிகளைக் கிளறிக்கொண்டிருந்தபோது, பெயரே எழுதாத வெள்ளை லேபிளோடு ஒரு 12 இன்ச் வைனில் கிடைத்தது. வீட்டுக்கு வந்து ஊசியை வைத்த உடனே தெரிந்துவிட்டது, ஓம்னி ட்ரியோ என்ற பிரிட்டிஷ் ஜங்கிள் (வேகமான ட்ரம் தாளம் கொண்ட நடன இசை) கலைஞரின் 'ரெனகேட் ஸ்னேர்ஸ்'. 1993இல் மூவிங் ஷேடோ என்ற இசை நிறுவனம் வெளியிட்டது. அந்தப் பியானோவை ஒருமுறை கேட்டால் மறக்கவே முடியாது.

ஆனால் இது மூலப் பதிவு இல்லை. ஃபௌல் ப்ளே என்ற இசைக்குழு இந்தப் பாட்டுக்கு ஒரு ரீமிக்ஸும் அப்புறம் ஒரு விஐபி மிக்ஸும் (இன்னொரு சிறப்புப் பதிப்பு) செய்திருக்கிறார்கள், என்னிடம் இருப்பது அந்த இரண்டில் ஒன்று என்றுதான் நினைக்கிறேன். யூடியூபில் ஒப்பிடலாம் என்று பார்த்தால் ஆளாளுக்கு ஒரு பெயர் போட்டு ஏற்றியிருக்கிறார்கள், குழப்பம்தான் மிச்சம்.

அசல் தட்டு வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வழவழப்பான பகுதியில் என்ன கீறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வீர்களா? லேபிளில் எதுவும் இல்லாதபோது அந்த எழுத்துதான் ஒரே அடையாளம். என் தட்டில் இருப்பதைப் படம் எடுத்துக் கமெண்டில் போடுகிறேன்.

இன்னொன்று, இது பிற்காலத்தில் திருட்டுத்தனமாக அச்சடித்த பிரதியாக இருக்குமோ என்றும் சந்தேகம். பேஸ் கொஞ்சம் மெலிந்து கேட்கிறது, ஸ்னேர் ட்ரம் உருளும் இடங்களில் கரகரப்பு. ஊசி புதுசு, தட்டையும் கழுவிவிட்டேன். அசலிலும் இப்படித்தானா? இந்தப் பாட்டு எனக்கு அவ்வளவு பிடிக்கும், சரியான பிரதியை எப்படியாவது வாங்கியே ஆக வேண்டும்.