இரண்டு பேக்கேஜ்களில் ஒரே ஆப்ஷனல் ஆபரேட்டர்: ஸ்விஃப்ட் கம்பைலர் பிழை தருகிறது

கேள்வி:
வணக்கம். ஆப்ஷனலுக்குள் மதிப்பு இருந்தால் அதைச் சரமாகவும், நில்லாக (மதிப்பின்றி) இருந்தால் வலப்பக்கம் கொடுத்த சொல்லையும் தரும் ??? என்ற ஆபரேட்டரை, என் செயலியில் உள்ள ஒரு பேக்கேஜ் பப்ளிக்காக வரையறுத்திருக்கிறது. நேற்று வேறொரு தேவைக்காகச் சேர்த்த பேக்கேஜிலும் அதே ஆபரேட்டர் அதே வடிவில் இருப்பதால், இரண்டையும் இம்போர்ட் செய்யும் கோப்புகளில் "ஆம்பிகுவஸ் யூஸ் ஆஃப் ஆபரேட்டர்" என்ற பிழை வருகிறது. ஃபங்ஷனுக்குச் செய்வதுபோல மாட்யூல் பெயரும் புள்ளியும் முன்னால் இட்டுப் பார்த்தேன், ஏற்கவில்லை. பேக்கேஜ்களின் நிரலில் கை வைக்காமல் இதைத் தீர்க்க முடியுமா?

பதில் 1:
முடியும். இரண்டு வரையறைகளும் இடப்பக்கம் ஆப்ஷனலையும் வலப்பக்கம் சரம் தரும் ஆட்டோக்ளோஷரையும் (தேவைப்படும்போது மட்டும் கணக்கிடப்படும் கோவை) வாங்கிச் சரத்தையே திருப்பித் தருவதால், ஒன்றைவிட மற்றொன்று பொருத்தமானது என்று முடிவுசெய்யக் கம்பைலருக்கு எந்த ஆதாரமும் இல்லை. இன்ஃபிக்ஸ் (இரு மதிப்புகளுக்கு இடையே வரும்) ஆபரேட்டருக்கு முன்னால் மாட்யூல் பெயரைப் புள்ளியுடன் எழுதவும் இலக்கணத்தில் இடமில்லை. ஆனால் உங்கள் சொந்த மாட்யூலில் உள்ள வரையறை, அதே வகையமைப்புள்ள இம்போர்ட் வரையறைகளை மறைத்துவிடும். ஆகவே அந்த ஃபங்ஷனை ஆட்டோக்ளோஷர் உட்பட அப்படியே உங்கள் மாட்யூலில் இன்டர்னலாக (அந்த மாட்யூலுக்குள் மட்டும் தெரியும்படி) ஒருமுறை எழுதிவிடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி, அந்தப் பிழை போய்விட்டது. ஆனால் இதுவரை ஓடிக்கொண்டிருந்த

முகவரி ??? ஊர் ??? "தெரியாது"

என்ற வரி இப்போது புதிய பிழை தருகிறது. ஃபங்ஷனோடு ஆபரேட்டர் அறிவிப்பையும் என் கோப்பில் எழுதினேன், அதுதான் காரணமா?

பதில் 2:
அதுவேதான். அறிவிப்பில் முன்னுரிமைக் குழுவை (எந்த ஆபரேட்டர் முதலில் பிணையும் என்று தீர்மானிப்பது) குறிப்பிடாவிட்டால் ஆபரேட்டர் டிஃபால்ட்பிரெசிடென்ஸ் குழுவில் சேரும்; அக்குழுவுக்கு இடமிருந்தோ வலமிருந்தோ சேரும் தன்மை இல்லாததால், அடைப்புக்குறியின்றி இரண்டு ??? அடுத்தடுத்து வர முடியாது. 2016இல் ஸ்விஃப்ட் 3 வரும் வரை முன்னுரிமையை எண்ணாக எழுதினோம். இப்போது குழுவின் பெயரை எழுத வேண்டும். அறிவிப்பின் இறுதியில் முக்காற்புள்ளி இட்டு நில்கோயலெஸிங்பிரெசிடென்ஸ் என்று சேருங்கள். ஸ்விஃப்டிலேயே இருக்கும் ?? ஆபரேட்டர் உள்ள இக்குழு வலமிருந்து சேர்வதால், முதலில் ஊரும் "தெரியாது" என்பதும் இணைந்து சரமாகி, அந்தச் சரம் முகவரிக்கு மாற்றாக நிற்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இக்குழு கூட்டலைவிடத் தாழ்ந்தது. "ஊர்: " + ஊர் ??? "இல்லை" என்று எழுதினால் கூட்டலே முதலில் பிணையும்; சரத்தோடு ஆப்ஷனலைக் கூட்ட முடியாது என்று கம்பைலர் மறுக்கும். அங்கே ??? உள்ள பகுதிக்கு அடைப்புக்குறி கட்டாயம்.

கேட்டவர்:
குழுவின் பெயரைச் சேர்த்ததும் எல்லாக் கோப்புகளும் கம்பைல் ஆகிவிட்டன. நீங்கள் சொன்னபடியே கூட்டல் வந்த இரண்டு வரிகளில் அடைப்புக்குறி இட்டேன். இருவருக்கும் நன்றி.