திடீர் அடிவயிற்று வலி, கூடவே வாந்தி: காலை வரை பார்க்கலாமா?

கேள்வி:
தங்கைக்கு 24 வயது. போன வருடம் ஸ்கேனில் வலது சினைப்பையில் 6 செ.மீ. கட்டி இருக்கிறது, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள், நாங்கள் போகவில்லை. இன்று மத்தியானம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வலது பக்கம்தான் வலி, மூன்று முறை வாந்தி, காய்ச்சல் இல்லை. கேஸ் என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தோம். நடுவில் ஒரு மணி நேரம் வலி விட்டது, இப்போது மறுபடி துடிக்கிறாள்.

பதில் 1:
இப்போதே கிளம்புங்கள். கட்டியின் கனத்தில் சினைப்பை தன் காம்போடு முறுக்கிக்கொண்டிருக்கலாம். கொஞ்சம் அவிழ்ந்து மறுபடி சுற்றும், அதனால்தான் வலி விட்டு விட்டு வரும், விட்டுவிட்டதே என்று நம்பி உட்காரக் கூடாது. ஆபரேஷன் தேவைப்படலாம், ஓமத் தண்ணீர் உட்பட இனி எதுவும் கொடுக்காதீர்கள். பழைய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு, கட்டி இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள், இல்லையென்றால் வலது பக்க வலிக்குக் குடல்வாலைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். கர்ப்பம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள், கல்யாணம் ஆகாதவள் என்று சண்டை போட வேண்டாம், கருக்குழாயில் கரு தங்கினாலும் இதே மாதிரி வலிக்கும்.

பதில் 2:
மகப்பேறு வார்டில் நர்ஸாக இருக்கிறேன். டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரிகிறது என்றாலும் முறுக்கு இல்லை என்று ஆகிவிடாது. சினைப்பைக்கு இரண்டு தமனிகள் வழியாக ரத்தம் வருகிறது, முறுக்கில் முதலில் அடைபடுவது ரத்தம் வெளியேறும் சிரைகள். அதனால் சினைப்பை வீங்கிக்கொண்டிருக்கும்போதே ஸ்கேனில் ஓட்டமும் தெரியும். வலி குறையாவிட்டால் லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சின்னத் துளை போட்டு கேமரா விட்டு) பார்க்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.

பதில் 3:
எனக்கும் இந்த முறுக்கு வந்திருக்கிறது. உள்ளே எடுத்த படத்தைப் பிறகு காட்டினார்கள், சினைப்பை நாவல்பழம் மாதிரி கறுத்துப் போயிருந்தது. ஆனாலும் எடுக்கவில்லை, முறுக்கை அவிழ்த்து, கட்டியை மட்டும் நீக்கினார்கள். கறுத்த சினைப்பையும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர், சில மாதம் கழித்து ஸ்கேனில் அதே பக்கம் முட்டை வளர்ந்திருந்தது. கையெழுத்துப் போடும் முன் சினைப்பையைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டுவிடுங்கள் அம்மா.

கேட்டவர்:
ராத்திரியே ஆபரேஷன் முடிந்தது. இரண்டு சுற்று சுற்றியிருந்ததாம். அவிழ்த்ததும் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது, எடுக்கவில்லை என்றார்கள். இப்போது தூங்குகிறாள்.