அலையில் மட்டும் நின்றுபோகும் பாய்மரப் படகு இன்ஜின்: உதவி தேவை

கேள்வி (காட்பாடி)

வணக்கம். நானும் வேலூர் நண்பர்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய 26 அடி பாய்மரப் படகை ஜனவரியில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கொண்டு சென்றோம். வடகிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளியதால் மாமல்லபுரம் தாண்டும் வரை பாயிலேயே வந்தோம். கல்பாக்கத்துக்குத் தெற்கே காற்று விழுந்துவிட்டதால் இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜினை ஓட்டினோம். இருபது நிமிடத்தில் அதன் வேகம் ஏறியும் இறங்கியும் தடுமாறி நின்றுவிட்டது. பில்டரை மாற்றி, டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி (ஏர் எடுத்து) ஓட்டியபோது பத்து நிமிடம் ஓடியது. அதன்பின் எதையும் தொடாமல் அரை மணி நேரம் விட்டுவைத்து இயக்கினால் ஓடி, மறுபடியும் நின்றது. அலை எங்களைக் கரைப்பக்கம் ஒதுக்கத் தொடங்கியதால் நங்கூரம் இட்டு, அச்சத்தோடு இரவைக் கழித்தோம்; காலையில் எழுந்த காற்றில்தான் புதுச்சேரி சேர்ந்தோம்.

துறைமுகத்தில் கட்டி வைத்து ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. டேங்க் பாதி நிறைந்திருக்கிறது, எந்த இணைப்பிலும் டீசல் கசியவில்லை. சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுவதற்கான இன்ஜெக்டர் பம்பைக் கழற்ற வேண்டும் என்கிறார் உள்ளூர் மெக்கானிக். அவ்வளவு செலவு செய்வதற்கு முன் வேறு எதைப் பார்க்கலாம்?

பதில் (ஆற்காடு)

தம்பி, நான் பாலாற்றங்கரைக் கிணறுகளில் பம்பு செட் இன்ஜின் பழுது பார்ப்பவன். கடல் எனக்குப் பழக்கமில்லை, ஆனாலும் இந்தத் தடுமாற்றம் ஏர் பிடித்த இன்ஜினுடையதுதான். ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். எங்கள் பம்பு செட்டில் டேங்க் இன்ஜினுக்கு மேலே இருப்பதால், வாஷர் தளர்ந்தால் டீசல் சொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் படகில் டேங்க் கீழே இருந்தால், பீட் பம்பு டீசலை உறிஞ்சித்தான் மேலேற்ற வேண்டும். அங்கே இணைப்பு தளர்ந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஆகவே கசிவு இல்லை என்பதை வைத்து அந்தப் பக்கம் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள்.

பம்பைக் கழற்றாமல் ஒரு சோதனை செய்யலாம். ஒரு கேனில் சுத்தமான டீசல் ஊற்றி இன்ஜினைவிட உயரத்தில் வைத்து, கண்ணாடி போன்ற டியூபில் நேராக பீட் பம்புக்குக் கொடுங்கள். மிஞ்சிய டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் டியூபையும் அதே கேனில் விடுங்கள். கடலில் அப்படி ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் உங்கள் இன்ஜெக்டர் பம்பில் குறையில்லை.

பதில் (ராணிப்பேட்டை, முன்பு கப்பல் இன்ஜின் அறையில் பணி)

ஆற்காட்டு அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடாமல் விட்டாலே மறுபடியும் ஓடுகிறது என்பதுதான் எனக்கு முக்கியமான தடயம். ஈரக்காற்றால் டேங்கில் சேரும் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுத்த பாசி உண்டாகும். அலை அதைக் கலக்கிவிட, உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். அடைப்பினால் உறிஞ்சும் இழுப்பு கூடும்போது தளர்ந்த இணைப்புகள் காற்றை உள்ளே விடுகின்றன. இன்ஜின் நின்றதும் இழுப்பு நீங்கிப் பாசி விழுந்துவிடுகிறது. துறைமுகத்தில் டேங்க் குலுங்குவதில்லை, சுமையின்றி ஓடும் இன்ஜினுக்கு டீசலும் கொஞ்சம்தான் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இன்ஜின் பிடிக்காத நேரத்தில் ஸ்டார்ட்டரை நெடுநேரம் சுற்றாதீர்கள். குளிர்விக்கும் கடல்நீர் சைலன்சரில் சேரும். அதை வெளியே தள்ளப் புகை இல்லாததால் சிலிண்டருக்குள்ளேயே திரும்பிவிடும். கடல்நீர் வால்வை மூடிவிட்டுச் சுற்றுங்கள். இன்ஜின் பிடித்த உடனே திறந்துவிடுங்கள், இல்லையேல் கடல்நீரைத் தள்ளும் பம்பின் ரப்பர் சக்கரம் (இம்பெல்லர்) உலர்ந்து சிதைந்துபோகும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கேனிலிருந்து டீசல் கொடுத்தபோது, வெளிக்கடல் அலையிலும் ஒன்றரை மணி நேரம் நிற்காமல் ஓடியது. பிறகு டேங்க் மூடியைத் திறந்து உறிஞ்சு குழாயை வெளியே எடுத்தோம். அதன் முனையிலிருந்த சிறு வலை முழுவதும் கறுத்த பாசி படிந்திருந்தது, பில்டர் தலையிலிருந்த செம்பு வாஷர் ஒன்றும் நசுங்கியிருந்தது. டேங்கை முழுவதும் காலி செய்து கழுவி, வாஷர்களைப் புதிதாகப் போட்டு, தண்ணீர் தெரியும்படி கண்ணாடிக் கிண்ணம் உள்ள பில்டர் ஒன்றையும் பொருத்தியிருக்கிறோம். இன்ஜெக்டர் பம்பைக் கழற்றவில்லை. திரும்பும் பயணத்தில் கல்பாக்கத்தைத் தாண்டியதும் இங்கே எழுதுகிறேன்.