சேலை கட்டிய கார்ட்டூன் பாத்திரம் குழாய் மாதிரி நிற்கிறது, எங்கே தவறு?

செந்தூல்_கோடு:
வணக்கம். தமிழ்ப்பள்ளி இதழுக்கு 4 பக்கச் சித்திரக்கதை. பாத்திரங்கள் 3 தலை உயரம், அதாவது மொத்த உயரம் தலையைப்போல 3 மடங்கு. அம்மா சேலையில் பத்துமலை முருகன் கோயில் படி ஏறுகிறார், ஆசிரியை பாஜு கூரோங்கில் (மலாய்ப் பெண்கள் உடுத்தும் நீண்ட தளர்ந்த மேல்சட்டையும் பாவாடை போன்ற கீழ்த்துணியும்) வருகிறார். சேலை இடுப்புக்குக் கீழே குழாயாக நிற்கிறது. மடிப்பைக் கூட்டினால் அழுக்குப்போலத் தெரிகிறது. பாஜு கூரோங்கோ கவுன் ஆகிவிடுகிறது. படங்கள் ஏ4 அளவில், அச்சு ஏ5.

ஜெலுத்தோங்_பென்சில்:
துணி எங்கே பிடிபட்டிருக்கிறது என்று முதலில் பாருங்க. சேலைக்கு இரண்டே இடம்: கொசுவம் செருகிய இடுப்பு, முந்தானை விழுந்த இடது தோள். மடிப்புக்கோடு அங்கிருந்துதான் கிளம்பணும். வலது இடுப்பிலிருந்து இடது தோளுக்கு 2 கோடு, தோளருகே நெருங்கி, இடுப்பில் விரிந்து.

கொசுவம் நிஜத்தில் 5 முதல் 7 வரை வரும். உங்கள் பாத்திரத்துக்கு 3 போதும். கோட்டை இடுப்பிலிருந்து பாதம்வரை இழுத்தால்தான் அழுக்காகிறது. மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம், நடுவே வெறுமையாக விடுங்க. குழாய்க்குக் காரணம் அடிவிளிம்பு. அது நேர்கோடாக இருக்கக்கூடாது. கொசுவத்தின் கீழே வளைந்து மடங்கணும், கரையும் கூடவே மடங்கணும். பூ டிசைனை ஒரே தாளாக மேலே ஒட்டாதீங்க. மடிப்புக்குள் போகும் பூ பாதி மறைந்தால்தான் துணி துணியாகத் தெரியும்.

படியேறும்போது மேல்படியில் வைத்த முழங்கால் துணியைத் தள்ளும். அங்கே மடிப்பே வேண்டாம். அந்த முழங்காலிலிருந்து பின்கால் கணுக்காலுக்குச் சாய்வாக 2 இழுப்புக்கோடு. ஒரு கை கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தால், பிடித்த இடத்திலிருந்து விசிறிபோல விரியட்டும்.

பிரிக்பீல்ட்ஸ்_மை:
ஒன்று சேர்க்கிறேன். படத்தைக் கிடைமட்டமாகத் திருப்பிப் போட்டு அடுத்த கட்டத்துக்குப் பயன்படுத்தினால் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். குஜராத்தி முறையில் கட்டினால் வலது தோள் சரி, நம்ம அம்மாவுக்குச் சரியில்லை. சேலையைத் தனி லேயரில் (வரையும் செயலியில் தனி அடுக்கில்) வையுங்க, உடம்பைத் திருப்பியபின் சேலையை மறுபடி வரையுங்க.

பாஜு கூரோங்கில் இடுப்பை வரைவதுதான் தவறு. மேல்சட்டை தோளிலிருந்து முழங்கால் அருகே வரை தொங்கும், இடுப்பில் ஒட்டாது. பக்கவாட்டில் பெசாக் என்ற துண்டு சேர்த்துத் தைப்பதால் கீழே அகலும். அக்குளில் கெக்கெக் என்ற சதுரத்துண்டு இருப்பதால் கை தாராளமாக அசையும். கை தூக்கும்போது மட்டும் அக்குளிலிருந்து 2 கோடு. சட்டை விளிம்புக்கும் கீழே தெரியும் துணிக்கும் நடுவே தெளிவான நிழல் ஒன்று போடுங்க. அது இல்லாமல் இரண்டும் ஒட்டித்தான் கவுன் ஆகிறது. கீழ்த்துணியின் மடிப்பு நடுவில் வராது, ஒரு பக்கமாக விழும்.

செந்தூல்_கோடு:
நன்றி. கோட்டின் தடிமன் எவ்வளவு வைக்கலாம்?

ஜெலுத்தோங்_பென்சில்:
300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் வெளிக்கோடு 8 பிக்சல், மடிப்பு 4. ஏ5க்குச் சுருங்கும்போது எல்லாம் 71 சதவீதம் ஆகிவிடும், அதனால் மடிப்பை 4க்குக் கீழே இறக்காதீங்க. கரையின் இரு கோட்டுக்கும் இடைவெளி 12 பிக்சலாவது இருக்கட்டும், இல்லையென்றால் அச்சில் ஒரே கோடாகிவிடும்.