சூடேறியதும் நின்றுவிடும் சிப்பர் ஃபீட் ரோலர்: எங்கிருந்து சோதிக்கத் தொடங்குவது?

கேள்வி: தென்னை விவசாயி, குடியாத்தம்

வணக்கம். குடியாத்தத்தை அடுத்து, கவுண்டன்யா ஆற்றுப் பக்கமாக எங்களுக்கு 300 தென்னைகளும் சிறியதொரு மாந்தோப்பும் இருக்கின்றன. தென்னை மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மட்டை உதிர்க்கும் என்பதால், ஆண்டுக்கு 3,500 மட்டைகளாவது சேர்ந்துவிடுகின்றன. அவற்றைக் கொளுத்த மனம் வராமல், டிராக்டரின் பி.டி.ஓ.வில் (பின்புறச் சுழல் தண்டில்) ஓடும் பழைய சிப்பர் ஒன்றை வாங்கி, மட்டைகளையும் கவாத்து செய்த மாங்கிளைகளையும் தூளாக்கி மரத்தடியில் மூடாக்காகப் போட்டுவருகிறோம்.

காலையில் இயந்திரம் குறையின்றி ஓடுகிறது. முக்கால் மணி நேரம் கழித்து, வெயிலும் ஏறியபின், மணிக்கட்டுக் கனமுள்ள மாங்கிளை வந்தாலே, அதை உள்ளே இழுக்கும், எண்ணெய் அழுத்தத்தில் (ஹைட்ராலிக்) சுற்றும் மேல் ரோலரும் கீழ் ரோலரும் நின்றுவிடுகின்றன. ரிவர்ஸ் போட்டுக் கிளையை வெளியே தள்ளிவிட்டால், வெறும் ரோலர்கள் மறுபடியும் நன்றாகவே சுற்றுகின்றன. டிராக்டரின் சத்தம் தளர்வதில்லை, பி.டி.ஓ. 540 சுற்றிலேயே நிற்கிறது. கத்திகளுக்குச் சென்ற மாதம்தான் சாணை பிடித்தோம். ரிலீஃப் வால்வின் திருகை இன்னும் இரண்டு சுற்று முறுக்கினால் போதும் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். அதைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: ஹைட்ராலிக் பழுதுபார்ப்பவர், காட்பாடி

ஐயா, அந்தத் திருகைத் தொடாமல் விட்டது மிக நல்லது. ரிலீஃப் வால்வு என்பது குழாய், மோட்டார், பம்ப் ஆகியவற்றைக் காப்பதற்காக ஓர் அழுத்தத்துக்கு மேல் எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பிவிடும் கதவு. அழுத்தமானி (கேஜ்) மாட்டாமல் அதை முறுக்குகிறவருக்குத் தாம் எந்த அழுத்தத்தில் நிற்கிறோம் என்பதே தெரியாது. குழாய் வெடித்தாலோ மோட்டாரின் தண்டு முறிந்தாலோதான் தெரியவரும்.

ரோலர் இழுக்கவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, ரோலர் நிற்கிறதா, அல்லது ரோலர் சுற்றியபடியே கிளை மட்டும் வழுக்குகிறதா என்பதைத்தான். வழுக்கினால் ரோலரின் பற்கள் தேய்ந்தோ பட்டை அப்பியோ இருக்கும், அல்லது மேல் ரோலரை அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். நின்று நின்று தானாகவே மீண்டும் ஓடினால், எஞ்சின் வேகம் குறையும்போது ரோலரை நிறுத்திவைக்கும் கட்டுப்பாட்டையும் அதன் சென்சாரையும் பார்க்க வேண்டும். மழுங்கிய கத்தியால் வேகம் விழுந்தாலும் இதே அறிகுறிதான் தோன்றும். உங்களுக்கு வேகம் விழவில்லை, ரோலரே நிற்கிறது, அதுவும் சூடேறிய பிறகு. ஆகவே சந்தேகம் எண்ணெயின் பக்கம் போகிறது.

எண்ணெய் சூடாகும்போது நீர்த்துப்போகிறது. பம்பின் உள்ளே பல்லுக்கும் உறைக்கும் இடையே தேய்மானத்தால் இடைவெளி கூடியிருந்தால், கெட்டியான எண்ணெய் காலையில் அதை ஓரளவு அடைத்துக்கொள்ளும். நீர்த்த எண்ணெயோ அதன் வழியே பின்னோக்கிக் கசிந்துவிடும். வெறும் ரோலரைச் சுற்றச் சிறிதளவு அழுத்தம் போதும் என்பதால் அப்போது குறை வெளியே தெரிவதில்லை.

இதை உறுதிசெய்ய, பம்பிலிருந்து வரும் குழாயில் பிரஷர் கேஜ் ஒன்றைப் பொருத்துங்கள். டிராக்டரை நிறுத்தி, லீவரை முன்னும் பின்னும் அசைத்து அழுத்தத்தை இறக்கிய பிறகு, மோட்டார்களுக்குப் போகும் குழாய்களைக் கழற்றி, அழுத்தம் தாங்கும் எஃகு மூடிகளால், லீவர் இருக்கும் கட்டுப்பாட்டு வால்வின் வாய்களை அடைத்துவிடுங்கள். பிறகு ஓட்டி, லீவரைச் சில விநாடிகள் மட்டும் பிடித்துக் காலையில் ஓர் அளவும், ஒரு மணி நேர வேலைக்குப் பின் ஓர் அளவும் எடுங்கள். சூட்டிலும் முழு அழுத்தம் வந்தால் பம்பையும் ரிலீஃப் வால்வையும் விட்டுவிட்டு மோட்டாரையோ ரோலர் பேரிங்கையோ பார்க்கலாம். சூட்டில் அழுத்தம் விழுந்தால் பழுது பம்பிலோ ரிலீஃப் வால்விலோ எண்ணெயிலோ இருக்கிறது. அதற்கு முன்பாக எண்ணெய் அளவு, உறிஞ்சு குழாயின் ஃபில்டர், பம்பை ஓட்டும் பெல்ட் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். தொட்டியில் எந்தத் தர எண்ணெய் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

பதில் 2: தோப்பு வைத்திருப்பவர், ஒடுகத்தூர்

காட்பாடி நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தென்னை மட்டை அரைக்கும் இயந்திரங்களில், ரோலரின் முனைக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே தண்டில் நார் சுற்றிக்கொள்கிறது. பச்சை மட்டையின் நார் கயிறுபோல் இறுகி, பேரிங்கின் சீலை உள்ளே தள்ளி, பிரேக் பிடித்ததுபோல் ரோலரைத் தடுக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மேல் ரோலரைத் தூக்கி முட்டுக் கொடுத்து, விளக்கைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

டிராக்டரை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பி.டி.ஓ. தண்டையும் கழற்றிய பிறகே கையை உள்ளே விடுங்கள். எஞ்சின் நின்ற பின்னும் கத்தி டிரம் தன் கனத்தால் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும். ரோலர் நின்றுவிட்டதே என்று கிளையைக் காலால் உதைத்துத் தள்ளுவதைப் பல தோப்புகளில் பார்க்கிறேன். வேலைக்கு வருகிறவர்களிடம் இதை ஒவ்வொரு நாளும் சொல்லித்தான் ஆக வேண்டும். எண்ணெய்க் கசிவையும் விரலால் தடவித் தேடக் கூடாது. ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படிப் பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி கேட்டவர், ஒரு வாரம் கழித்து

இருவருக்கும் நன்றி. மேல் ரோலரின் இரு முனைகளிலும் நார் இறுகியிருந்தது. அரிவாள் முனையால் அறுத்து எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இயந்திரத்தின் தகட்டில் முழு அழுத்தம் 140 பார் என்றிருக்கிறது. மூடி போட்டுப் பார்த்ததில் காலையில் 140 வந்தது; சூடேறிய பின் 95-க்கு மேல் ஏறவில்லை. எண்ணெய் வாங்கிய டப்பாவைத் தேடிப் பார்த்தபோது அதில் 32 என்று போட்டிருந்தது (எண்ணெயின் கெட்டித்தன்மையைக் காட்டும் எண்; எண் கூடினால் எண்ணெய் கெட்டி). இயந்திரத்தின் கையேடு வெப்பப் பகுதிகளுக்கு 68 என்கிறது. தொட்டியைக் கழுவி, ஃபில்டரை மாற்றி, 68 ஊற்றினோம். தொட்டியின் மேல் விரற்கடை கனத்துக்கு அப்பியிருந்த தூளையும் நீக்கினோம். இப்போது சூட்டில் 125 வருகிறது. நண்பகல் வரை ஓட்டியும் மணிக்கட்டுக் கனக் கிளைக்கு ரோலர் நிற்கவில்லை. மீதி 15 பார் எங்கே போகிறது?

பதில் 3: ஹைட்ராலிக் பழுதுபார்ப்பவர், காட்பாடி

உங்கள் அளவுகளைப் பார்த்தால் நாரும் எண்ணெயும் ஒன்றையொன்று வளர்த்திருக்கின்றன. நார் பிடித்து ரோலர் நிற்கும் ஒவ்வொரு முறையும் எண்ணெய் ரிலீஃப் வால்வின் வழியே பீறிட்டுச் சூடாகிறது; அந்தச் சூட்டால் அழுத்தம் குறைந்து ரோலர் மேலும் எளிதாக நிற்கிறது. தொட்டியின் மேல் அப்பிய தூள் அந்தச் சூட்டை வெளியேறவும் விடவில்லை. குளிரில் 140 முழுமையாக வருவதால் ரிலீஃப் வால்வின் அமைப்பு சரியாகவே இருக்கிறது. மீதி 15 பார் பம்பின் தேய்மானம் என்றே நினைக்கிறேன். இப்போது மாற்ற வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரத்தில் மறுபடியும் அளந்து பாருங்கள், 110-க்குக் கீழே போனால் பம்பைக் கழற்றிக் கொண்டுவாருங்கள். நாரை மட்டும், பச்சை மட்டை ஓட்டும் நாட்களில் வேலை முடிந்ததும் அன்றன்றைக்கே அறுத்துவிடுங்கள்.