சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: உண்மையில் எத்தனை மணி நேரம்?

கேள்வி: அம்மாவை சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே.வுக்குத் தனியாக அனுப்ப வேண்டும், மூட்டு வலி வேறு. தூரம் 15,300 கி.மீ. சொச்சம் என்கிறார்கள், ஆனால் டிக்கெட்டில் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி விடியற்காலையில் இறங்குவதாக இருக்கிறது. ஆறேழு மணி நேரத்தில் எப்படி?

பதில் 1: இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். நியூயார்க் கோடையில் 12, குளிர்காலத்தில் 13 மணி நேரம் பின்னால். அதைக் கூட்டுங்கள், 18 மணி நேரத்துக்கு மேல் வரும்.

பதில் 2: அந்த 15,300 பூமி உருண்டைமேல் அளந்த குறுக்குவழி, கிட்டத்தட்ட வட துருவத்தை ஒட்டிப் போகும். விமானம் பெரும்பாலும் பசிபிக் பக்கமாகச் சுற்றும், அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து வேகமாக வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். காற்று தினமும் மாறும், அதனால் அரை மணி முன்னே பின்னே ஆகலாம். அப்புறம், ஏர்பஸ் ஏ350-900 யு.எல்.ஆர். (மிக நீண்ட தூரத்துக்கான வகை) போட்டால் மொத்தமே 161 இருக்கை, எகானமி கிடையாது. விலையைப் பார்த்து மயங்கி விழாதீர்கள்!

பதில் 3: மூட்டு வலி என்றால் நான் ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று போகும் விமானத்தைத்தான் எடுப்பேன். மொத்த நேரம் கூடும், ஆனால் நடுவில் இறங்கி நடக்கலாம், எகானமியும் உண்டு. எதில் போனாலும் நடைபாதை ஓர இருக்கை, முன்பதிவிலேயே சக்கர நாற்காலி.

கேட்டவர்: சரி, ஃபிராங்க்ஃபர்ட் வழியே பார்க்கிறேன். நன்றி.