வீட்டிலேயே படிக்கும் பிள்ளை எழுத உட்கார மாட்டேன் என்கிறதா? வெளிநாடு வந்த நம்ம ஊர்க்காரர்களுக்கு

பாளையங்கோட்டையிலிருந்து டெக்சாஸ் வந்து இறங்கியிருக்கும் தங்கச்சி ஒருத்தி கேட்டிருந்தாள்: "அக்கா, மகனுக்கு எட்டு வயசு. பள்ளிக்கூடத்தில் சேர்க்காமல் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். ஆச்சிகிட்ட போனில் மணிக்கணக்காப் பேசுதான். நாலு வரி எழுதுன்னா பென்சிலைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். என்ன செய்ய?"

கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் இதையே வேறு சிலரும் கேட்டுவிட்டார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் அம்பாசமுத்திரம் பக்கம், இப்போது பென்சில்வேனியா. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வீட்டுக்கல்விதான்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி செல்லும், ஆனால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸில் யாரிடமும் பதிய வேண்டாம். வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமகனாக நடப்பது ஆகியவை பாடத்தில் இருந்தால் போதும். நியூயார்க்கில் ஆண்டுக்கு நான்கு அறிக்கை கொடுக்க வேண்டும். எங்கள் பென்சில்வேனியாவில் பிள்ளை எழுதியதின் மாதிரிகளைக் கோப்பாகச் சேர்த்து மதிப்பீட்டாளரிடம் காட்ட வேண்டும், அவர் பிள்ளையிடமும் பேசிப் பார்ப்பார். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பிள்ளைக்குத் தகுந்த முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்வதைப் பெற்றோரின் கடமையாக வைக்கிறது, அது பள்ளியில்தான் நடக்க வேண்டும் என்றில்லை. ஜெர்மனிக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள், அங்கே பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும். எங்கே இருந்தாலும் பிள்ளை எழுதும் ஒவ்வொரு தாளிலும் தேதி போட்டு எடுத்து வையுங்கள். அதிகாரி கேட்கிறாரோ இல்லையோ, ஆறு மாதம் கழித்துப் பிள்ளைக்கே காட்ட உதவும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தப் பையனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் இல்லை. எழுத உட்கார்ந்ததும் என்ன சொல்வது, எந்த எழுத்தைப் போடுவது, கை எப்படி வளைய வேண்டும் என்று மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் அவன் தலையில் விழுகின்றன. நமக்குப் பின்னிரண்டும் யோசிக்காமலே நடக்கும், எட்டு வயதுக்காரனுக்கு நடக்காது. எழுத்தைத் தேடி முடிப்பதற்குள் சொல்ல வந்தது மறந்துபோகும். நாம் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொள்கிறோம். எனவே மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள்.

அவன் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். "பனியில ஒரு அணில் ஓடுச்சு, எங்க அம்ம பாத்துப் பயந்துட்டா" என்றால் அதே வரிதான் தாளில் வர வேண்டும். வாக்கியத்தை அழகுபடுத்தப் போனீர்களானால் அது அவனுடையது இல்லை என்று உடனே கண்டுபிடித்துவிடுவான், மறுநாள் வாய் திறக்க மாட்டான். எழுதி முடித்ததும் அவனுக்கே வாசித்துக் காட்டுங்கள். அவனாகவே "இல்ல, அங்க வேற சொல்லணும்" என்று திருத்துவான். பெரிய எழுத்தாளர்கள் எல்லாம் செய்கிற வேலை அது.

கையெழுத்துக்கும் எழுத்துக்கூட்டலுக்கும் வேறு நேரம் வையுங்கள். ஒரு நல்ல பத்தியைப் பார்த்து எழுதுவது, இன்னொரு நாள் நீங்கள் சொல்லச் சொல்ல எழுதுவது. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கை வேகம் பிடித்த பிறகு இரண்டும் தானாகச் சேரும்.

இங்கிலாந்தில் சார்லட் மேசன் (1842–1923) என்று ஒரு கல்வியாளர் இருந்தார். வீட்டுக்கல்விக் குடும்பங்கள் பல இன்றும் அவர் வழியில்தான் போகின்றன. ஒரு கதையை ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்டிவிட்டு, பிள்ளையைத் தன் சொந்தச் சொல்லில் திருப்பிச் சொல்லச் சொல்வது அவர் முறை. ஆறு வயதுக்கு முன்னால் வற்புறுத்தக் கூடாது, பத்து வயது வாக்கில் எழுதிச் சொல்ல ஆரம்பிக்கலாம் என்பார். நம் ஆச்சிமார் திண்ணையில் கதை சொல்லிவிட்டு "இப்ப நீ சொல்லு பாப்போம்" என்று கேட்டதும் கிட்டத்தட்ட இதேதான், பாடத்திட்டம் என்ற பெயர்தான் இல்லை.

நெல்லைத் தமிழை எழுதினால் தப்பாகிவிடுமோ என்று சிலருக்குப் பயம். "வந்தாவ", "சாப்பிட்டியளா" என்று பிள்ளை எழுதினால் அதை அடித்துவிட்டு "வந்தார்கள்" என்று போடுகிறீர்கள். வேண்டாம். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரரான கி.ராஜநாராயணன் பேச்சுமொழியில் எழுதித்தான் 1991இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார். பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாதவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராகவும் உட்கார வைத்தது. (இடைசெவல் இப்போது தூத்துக்குடி மாவட்டம் என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். 1986இல் அதைப் பிரித்தார்கள், 2019இல் தென்காசியையும் பிரித்தார்கள். நமக்கு எல்லாம் திருநெல்வேலிச் சீமைதான்.) எழுத்துத்தமிழ் பின்னால் வாசிக்க வாசிக்க வந்துவிடும். கதையில் ஆச்சி பேசுவது ஆச்சி மாதிரியே இருக்க வேண்டும்.

என் அனுபவத்தில் பிள்ளைகளை எழுத வைப்பதில் சமையல் குறிப்பை அடித்துக்கொள்ள வேறொன்றும் கிடையாது. ஆச்சிக்கு போன் போட்டுச் சொதி எப்படி வைப்பது என்று பிள்ளையே கேட்டு எழுதட்டும். ஆச்சி என்ன சொல்வாள்? "தேங்காப்பால் எடுத்து, பாசிப்பருப்பும் காயும் போட்டு வேகவச்சு, இஞ்சி பச்சமொளகா அரச்சு ஊத்தி இறக்கு, அவ்ளோதான்." பிள்ளை அதை அப்படியே எழுதிக்கொண்டு வரும். அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு சமைக்க ஆரம்பியுங்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடாதீர்கள். எத்தனை தேங்காய்? பால் ஒரு தடவை எடுப்பதா, மூன்று தடவையா? மறுபடி போன். காய் வேகிறது மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும், கெட்டியான முதல் பால் கடைசியில்தான், அதையும் கொதிக்க விட்டால் திரிந்துபோகும், எலுமிச்சம்பழம் பிழிவது அடுப்பை அணைத்த பிறகு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். "முதலில்", "அதற்குப் பிறகு", "கொதிப்பதற்கு முன்" என்ற சொற்கள் எதற்கு இருக்கின்றன என்று அன்றைக்குப் பிள்ளைக்குத் தெரியும். நாலாவது தடவை எழுதுகிறபோது அது தண்டனையாகத் தெரியாது, ஏனென்றால் தாளில் விட்டுப்போனது வாயில் தெரிகிறது. மறுவீட்டு விருந்துக்கு ஏன் சொதி வைக்கிறார்கள், கூட இஞ்சித் துவையல் ஏன் என்று கேட்டால் இன்னொரு பக்கம் எழுதலாம்.

அடுத்து, வாசிக்க ஒரு ஆள் வேண்டும். அம்மாவே வாத்தியாராக இருக்கும் வீட்டில் பிள்ளை எழுதுவதை எல்லாம் திருத்துகிறவள்தான் வாசிக்கிறாள், அது நல்லதில்லை. ஊருக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள், தபாலில் போடுங்கள். போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகட்டும். தாத்தாவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: "எழுத்துப்பிழை சொல்லாதிய, கேள்வி கேட்டு பதில் போடுங்க." குற்றாலத்தில் சாரல் விழுந்ததா, ஆனித் தேர் நிலைக்கு வந்ததா என்று இவன் கேட்பான். அங்கே குப்பையை ஏன் மூணு தொட்டியில் போடுகிறீர்கள் என்று அவர் கேட்பார். தெரியாதவருக்கு விளக்கி எழுத அதைவிடப் பயிற்சி இல்லை.

திருத்துவது பற்றி: ஒரு தாளில் ஒரு வகைப் பிழையை மட்டும் எடுங்கள். இந்த மாதம் ர, ற என்றால் ல, ள, ழ எல்லாம் கண்ணில் படாதது போல இருங்கள். அதற்கும் முன்னால் எழுதியதைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். "அணில் அப்புறம் எங்க போச்சு?" சிவப்புப் பேனாவை வீட்டில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். ஒன்பது, பத்து வயதாகியும் எழுதும்போது கை வலிக்கிறது, எழுத்துகள் தலைகீழாக விழுகின்றன என்றால் மட்டும் கண்ணைச் சோதித்துவிட்டு, கற்றல் குறைபாடு பார்க்கிற நிபுணரிடம் காட்டுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

கீழே வந்த கேள்விகளுக்கு:

"தமிழா, ஆங்கிலமா?" (டொராண்டோ தம்பி) எதில் வாய் ஓடுகிறதோ அதில் ஆரம்பியுங்கள். மனதில் உள்ளதைத் தாளில் இறக்கலாம் என்ற தைரியம் ஒரு மொழியில் வந்தால் மற்றதிலும் கூடவே வரும். தமிழில் வாசிக்க ஸ்டோரிவீவர் தளத்தில் நிறையப் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன. முறையாகப் படிக்க வேண்டும் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் உண்டு. போனில் தமிழில் பேசினால் எழுதித் தருகிற வசதியையும் பயன்படுத்தலாம். நெல்லைப் பேச்சை அது கடித்துக் குதறிவிடும், அதைச் சரிசெய்வதே பிள்ளைகளுக்குப் பெரிய சிரிப்பு.

"மகளுக்குப் பன்னிரண்டு. கதை எழுதுவாள், கட்டுரை என்றால் மூன்று வரி." (லெஸ்டர் மதினி) அவளுக்குப் பத்து நிமிடம் கடிகாரம் வைத்து, நிறுத்தாமல், எழுதியதை அடிக்காமல், எதையும் திருத்தாமல் எழுதச் சொல்லுங்கள். பீட்டர் எல்போ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1970களில் பரப்பிய வழி. அதில் உருப்படியான இரண்டு வரி கிடைக்கும், கட்டுரையை அங்கிருந்து தொடங்கலாம். தலைப்புக்கு மாஞ்சோலையைக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் அம்பாசமுத்திரம் பக்கத்து மலையில் சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட தேயிலைக் காடு, 2028இல் குத்தகை முடிகிறது. அது புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்த தொழிலாளர்களும் இருந்திருக்கிறார்கள். மலை யாருக்கு? இரண்டு பக்கமும் நியாயம் உள்ள விஷயத்தில் மூன்று வரியோடு யாராலும் நிறுத்த முடியாது.

"சாட்ஜிபிடியைக் கொடுக்கலாமா?" எழுதி முடித்த பிறகு சந்தேகம் கேட்கலாம். வெற்றுத்தாளில் முதல் வரியை அது போடக் கூடாது.

"தனியாகவே எழுதி அலுத்துவிட்டது என்கிறான்." (மறுபடி டெக்சாஸ் தங்கச்சி) தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. தன் திருநெல்வேலி வீட்டில் வட்டத்தொட்டி நடத்தினார். நண்பர்கள் கூடி உட்கார்ந்து கம்பனை வாய்விட்டுச் சொல்லி ரசித்த இடம் அது. பிள்ளைகளுக்கும் ஒன்று வைத்துவிடலாம். கோடையில் டெக்சாஸில் சனிக்கிழமை காலை 9 மணி என்றால் ஊரில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. ஆச்சி, தாத்தாமாரும் உட்காரலாம். எழுதியதை அவரவரே வாசிக்க வேண்டும், கேட்கிறவர்கள் கேள்வி மட்டும்தான் கேட்கலாம், பெரியவர்கள் புத்திமதி சொன்னால் மைக்கை அணைத்துவிடுவோம். சேர்கிறவர்கள் பிள்ளையின் வயதையும் இருக்கும் ஊரையும் கீழே போடுங்கள். ஆறு பேருக்கு மேல் வந்தால் வயதுபடி இரண்டு குழுவாகப் பிரிக்கிறேன்.